ரேடியேட்டருக்கு எந்த நீர்?

சங்கச் சரக்கு வண்டியின் டீசல் எஞ்சின் பிளாக் விரிசல் கண்டால், பழி ஓட்டுநர் மீதே விழுகிறது. கூலண்ட் பில்லை வீண் செலவென்று திருப்பியனுப்பிய நிர்வாகக் குழுவை எவரும் கேட்பதில்லை.

மேல்விஷாரம் வட்டாரக் கிணற்று நீரின் குணம் நாம் அறியாததா? தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாற்றுப் பகுதி நீர் கெட்டதை உச்ச நீதிமன்றமே 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பதிவு செய்துள்ளது. அவ்வுப்பு நீர் எஞ்சினுள் துருவையும் படிவையும் வளர்க்கிறது. நீரோட்டம் தடைப்பட்டு எஞ்சின் கொதிக்கிறது. அந்நிலையில் குளிர்ந்த நீரைக் கொட்டினால், வார்ப்பிரும்பு திடீரெனச் சுருங்கிப் பிளக்கக்கூடும். முறையாகச் சூடேற்றாமல் வெல்டிங் செய்தாலோ, பக்கத்திலேயே புதிய விரிசல் ஓடும். துளையிட்டு உலோக ஆணிகளால் ‘தைக்கும்’ முறையும் உண்டு. நெசவாளருக்கு அச்சொல் இனிக்கலாம், அதற்கான பில் இனிக்காது.

கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பட்ஜெட்டில் தனி இனமாக இடம்பெற வேண்டுமென அங்கத்தினர்கள் அடுத்த மகாசபையிலேயே கோர வேண்டும்.