மழை விட்டாச்சு... காருக்குள் தூவானம் விடலை!

வடிகால் அடைப்புதான் வில்லன்! பசை அப்பினால் வம்பு!!

சென்னை:

ஐப்பசி, கார்த்திகை வந்தால் சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கவலை. தெருவில் தண்ணீர் நிற்குமா என்பது ஒன்று. காருக்குள் தண்ணீர் நிற்குமா என்பது மற்றொன்று.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தது. இரண்டு முறையும் தெருத் தெருவாக கார்கள் மூழ்கின. அந்த பயம்தான், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக கொண்டுபோய் நிறுத்த வைத்தது.

பாலத்தில் ஏற்றினால் கீழே இருந்து வரும் தண்ணீருக்கு தப்பிவிடலாம். மேலே இருந்து வரும் தண்ணீருக்கு?

காலையில் கதவை திறந்தால் குப்பென்று நாற்றம். மேட்டை தூக்கினால் சளசளவென்று ஈரம். "எங்கேயோ ஓட்டை இருக்குப்பா" என்று ஒர்க் ஷாப்புக்கு ஓட்டம். இது மழை சீசன் தோறும் நடக்கிற கதை.

ஓட்டை அல்ல, அடைப்பு!

பல கார்களில் உண்மையான கோளாறு ஓட்டை அல்ல. ஊருக்கு வந்த வியாதிதான் காருக்கும். அதாவது, வடிகால் அடைப்பு!

கார் என்பது மூடி போட்ட டப்பா அல்ல. மழைத் தண்ணீர் அதன் உடம்புக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கிய தண்ணீர் வெளியே ஓட வழி வைத்துத்தான் காரை கட்டுகிறார்கள். அந்த வழி அடைத்துக்கொண்டால், தண்ணீர் உட்காரும் இடத்துக்கு வந்துவிடுகிறது.

முன் கண்ணாடிக்கு கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில் சல்லடை மாதிரி ஒரு தட்டு இருக்கும். அதன் அடியில் ஒரு வாய்க்கால். வேப்ப மரம், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் கார்களில் அந்த பொடி இலைகள் உள்ளே போய் மக்கி சேறாகி விடும். பிறகு தண்ணீர் பொங்கி, ஏ.சி. காற்று போகிற வழியாக டாஷ்போர்டுக்குள் இறங்கும்.

கூரையில் 'சன் ரூப்' வைத்த கார்களிலும் இதே கதைதான். அதைச் சுற்றி ஒரு பள்ளமும், மூலைகளில் மெல்லிய குழாய்களும் உண்டு. குழாய் அடைத்தால் கூரைத் துணி நனையும்.

கதவிலும் அப்படியே. கண்ணாடி ஓரமாக கதவுக்குள் இறங்கும் தண்ணீர், அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். உள்பக்க அட்டைக்கு பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டும்போதோ, பவர் விண்டோ ரிப்பேர் பார்க்கும்போதோ அந்த ஷீட்டை கிழித்து, திரும்ப சரியாக ஒட்டாமல் விட்டால் போச்சு! தண்ணீர் நேராக கால் வைக்கிற இடத்துக்கு வரும்.

டிக்கியில் ஸ்டெப்னி குழி நிரம்பினால், பின் விளக்கின் ரப்பரையும் டிக்கி பீடிங்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

எந்த தண்ணீர்?

வெயில் நாளிலும் முன் சீட்டில் இடது பக்கம் கால் நனைகிறதா? அது மழை இல்லை. பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர். ஏ.சி.யை கால் மணி நேரம் ஓட விட்டால் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளில்கூட ஒரு சொட்டும் விழாவிட்டால், அந்த குழாய் அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

தண்ணீர் பிசுபிசுவென்று, இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட். ஹீட்டர் ஒழுகுகிறது. இதை தள்ளிப் போடக்கூடாது. கூலன்ட் குறைந்தால் இன்ஜின் சூடாகிவிடும்.

துப்பறியும் வேலை

நனைந்த இடம் ஒன்று, ஒழுகும் இடம் வேறு. கூரையில் நுழைந்த தண்ணீர் தூண் வழியாக இறங்கி, பின் சீட்டுக்கு அடியில் போய் நிற்கும். ஆகவே துப்பறியத்தான் வேண்டும்.

இதற்கு இரண்டு பேர் போதும். முதலில் மேட், கார்ப்பெட் எல்லாம் தூக்கி உள்ளே நன்றாக காய வைக்க வேண்டும். பிறகு தரையில் பழைய பேப்பரை விரிக்க வேண்டும். ஒருவர் டார்ச் லைட்டோடு உள்ளே உட்கார, மற்றவர் வெளியே ஹோஸ் பைப்பில் மெதுவாக தண்ணீர் விட வேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது.

முக்கியமான விஷயம், கீழே இருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடிப்பாகம், அப்புறம் கதவு ஓரம், முன் கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து, பத்து நிமிடம். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனையும். எது குற்றவாளி என்று தெரியாது.

பீடிங்கை சோதிக்க ஒரு துண்டு காகிதம் போதும். கதவு இடுக்கில் வைத்து சாத்தி, இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக வந்தால் சரி. லொடக்கென்று வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை.

பசை அப்பினால்...

அவசரத்துக்கு கண்ட இடத்தில் சிலிக்கான் பசை அப்புவது சிலருக்கு பழக்கம். வடிகால் துளையையே அடைத்துவிட்டால், உள்ளே நிற்கும் தண்ணீர் தகரத்தை தின்றுவிடும்!

'மேலே காய்ந்தாச்சு' என்று விடுவதும் தப்பு. கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்ச் தண்ணீரை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். பல கார்களில் ஒயரிங் அதன் அடியில்தான் ஓடுகிறது. ஏர்பேக் கம்ப்யூட்டர் பெட்டியும் நடுவில் தரையோடுதான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பாசி பிடித்தால் இலையை வாரிப் போட்டு முடித்திருக்க வேண்டிய வேலை, ஆயிரக்கணக்கில் செலவு வைத்துவிடும்.

இன்சூரன்ஸ் கொடுக்குமே என்கிறீர்களா? சொந்த சேதத்துக்கும் சேர்த்து பாலிசி எடுத்திருந்தால் புயல், வெள்ள சேதத்துக்கு பணம் கேட்கலாம். பீடிங் தேய்ந்து ஒழுகினால் அது 'தேய்மானம்'. அதற்கு கிடைக்காது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டுமே இல்லை.

பழசு வாங்குவோர் உஷார்!

இதில் அதிகம் ஏமாறுபவர் பழைய கார் வாங்கும் நடுத்தர வர்க்கத்துக்காரர்தான். வெள்ளத்தில் நின்ற கார், பாலீஷ் போட்டு, சென்ட் அடித்து விற்பனைக்கு வருவது உண்டு. சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்து சேற்றுக் கறை தேட வேண்டும். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது.

கார் வைத்திருப்பவருக்கு வேலை இன்னும் சுலபம். புரட்டாசி முடிவதற்குள் வைப்பர் தட்டில் இலையை வாரி, கதவு அடித் துளைகளை ஒரு குச்சியால் குத்தி விட்டால் போதும். அரை மணி நேர வேலை. காசு செலவில்லை. இதை விட்டுவிட்டு, மழை கொட்டும்போது ஒர்க் ஷாப் வாசலில் காத்துக் கிடப்பதில் யாருக்கு லாபம்?