காத்திருக்கும் அரக்கன்

தோழியரே, கணினி விளையாட்டு ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ணுவோர் பலர். பொத்தேரியில் அண்ணனின் கைபேசியை இரவல் வாங்கி நாமும் ஆடத்தான் செய்கிறோம். ஆகவே, நாமே வீரர்களாகப் பாத்திரமேற்று ஆடும் 'ஃபைனல் ஃபேண்டஸி' தொடரைப் பற்றி நமக்கும் ஒரு கருத்துண்டு.

ஜப்பானில் 1987-இல் இத்தொடர் பிறந்தபோது, சண்டை தாயம் ஆடுவதுபோல் முறைவைத்து நடந்தது. நம் வீரர் நால்வருக்கும் ஆணையிடும் வரை அரக்கன் அசையாமல் நிற்பான். 1991-இல் வந்த நான்காம் பாகத்தில் காலம் ஓடத் தொடங்கியது; நாம் யோசிக்கையிலேயே பகைவன் அடித்துவிடுவான். 2001-இல் பத்தாம் பாகம் மறுபடி முறைவைத்தது. பதினாறாம் பாகமோ (2023) முழுக்க விரல் வேகம்!

வேகம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், "ஏண்டி, பால் பொங்குது பாரு!" என்று அம்மா குரல் கொடுத்தால்? நிறுத்திவைக்கப் பொத்தான் உண்டே என்பீர்கள். உண்டு, திரும்பிவந்து அதை அமுக்கியதும் வாள் தலைமேல் நிற்கும். பழைய முறையிலோ, யாருக்கு மருந்து, யார் அடிப்பது என்ற கணக்கு விட்ட இடத்திலேயே இருக்கும். அடுப்படியிலும் அதை யோசிக்கலாம். அண்ணனை அடுப்படிக்கு யார் அழைக்கிறார்கள்? வேகம் அவனுக்குத் தோதுதான்.

முறைவைப்பது பழங்காலம் என்று ஒதுக்குவதையும் நாம் ஏற்பதற்கில்லை. 1986-இல் தொடங்கிய 'டிராகன் குவெஸ்ட்' தொடரின் பதினொன்றாம் பாகம் (2017) முறைவைத்தே ஆடப்படுகிறது. 'ஃபைனல் ஃபேண்டஸி'யின் முதல் ஆறு பாகங்களும் 2021, 2022-இல் புதுக்கோலம் பூண்டு கைபேசிக்கு வந்தன. அவற்றுள் முதல் மூன்றில் அரக்கன் இன்றும் நமக்காகக் காத்து நிற்கிறான். எங்கள் வாக்கு அம்மூன்றுக்கே.