திரும்பும் வழி

சென்ற மாதம் பிச்சாவரம் போயிருந்தேன். சுரபுன்னை மரங்கள் தண்ணீருக்குள் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கும் அழகை நேயர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஒரு கால்வாய்க்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான்.

படகோட்டியிடம் பேச்சுவாக்கில், பத்திரிகைக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் துறையில் குப்பை கொட்டியதைச் சொல்லிவிட்டேன். மனிதர் துடுப்பை நிறுத்திவிட்டார்.

"ஐயா, என் பொண்ணைக் கொஞ்சம் பாருங்க. ரெண்டு நாளா சாப்பிடலே."

கரையேறிப் போய்ப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் பெண். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' என்ற இலவச மின்னூலை வைத்துக்கொண்டு தானாகவே பாடம் படித்திருக்கிறாள். அம்மா நடத்தும் மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதைக் கையாள ஒரு புரோகிராமும் எழுதிவிட்டாள். கெட்டிக்காரிதான்.

குழுவிலிருந்து ஒருத்தி விலகினாள். அவள் பெயரை நீக்க, 'டெலிட்' என்று கட்டளை போட்டாள். எந்த வரியை என்று சொல்ல 'வேர்' என்ற இங்கிலீஷ் வார்த்தையைச் சேர்க்க வேண்டும். வேரை மறந்தாள், கணக்கு அடியோடு போயிற்று! பதினான்கு பேருடைய சேமிப்பும் மாயம்.

"அம்மா, அழிக்குமுன் 'ஸ்டார்ட் டிரான்ஸாக்ஷன்' என்று சொல்லியிருக்கலாமே! தப்பானால் 'ரோல்பேக்' என்றால் பழையபடி வந்துவிடும். சரியென்றால் 'கமிட்'. அப்படிச் சொல்லாவிட்டால் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு கட்டளையையும் அப்போதைக்கப்போதே முடித்துவிடும்" என்றேன்.

படகோட்டி குறுக்கிட்டார். "இதைத்தானேம்மா நானும் சொல்றேன்? கால்வாய்க்குள்ளே நுழையறப்பவே திரும்பற வழியைப் பார்த்து வச்சுக்கணும்."

நல்ல வேளை, அம்மா பழைய நோட்டைக் கிழித்துப் போடவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாக் கணக்கும் மறுபடி ஏறிவிட்டது. அதன் பிறகுதான் பெண் சாப்பிட்டாள்.

படகுத் துறைக்குத் திரும்பும்போது படகோட்டியிடம் ஜிம் கிரேயைப் பற்றிச் சொன்னேன். டிரான்ஸாக்ஷன் முறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முதன்மையான அமெரிக்கர். 1998-ம் ஆண்டின் டூரிங் பரிசு பெற்றவர். 2007 ஜனவரி 28-ம் தேதி, தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியே புறப்பட்டார். எத்தனையோ பேர் தேடினார்கள். அவரும் திரும்பவில்லை, படகும் அகப்படவில்லை.

படகோட்டி சற்று நேரம் பேசவில்லை.

"கடல் அப்படித்தாங்க" என்றார் கடைசியில். "கம்ப்யூட்டர் ஒரு தடவையாவது திருப்பிக் கொடுக்குது. அதையாவது நாம கேட்டு வாங்கிக்கணும்."

நான் பன்னிரண்டு வருஷத்தில் கற்றதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்!