கையெழுத்திடக் கற்பித்தோம், அது போதுமா?

தமிழ்ப்பள்ளியின் முதல் வெற்றி, கைநாட்டு வைத்த தலைமுறையின் பிள்ளைகளைக் கையெழுத்திடும் தலைமுறையாக மாற்றியதாகும். பிரட்டுக்களத்தில் கிராணி நீட்டிய தாளில் பெருவிரலைப் பதித்துவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்களின் மக்கள், இன்று வங்கியிலும் வாகன விற்பனைக் கூடத்திலும் தம் பெயரை அழகுற எழுதுகின்றனர். பெருமைக்குரிய மாற்றமே. ஆயினும், படிக்க இயலாமல் விரல் பதித்த தந்தைக்கும், படிக்காமலே பெயரெழுதும் மகனுக்கும் உள்ள வேறுபாடு யாது? மையின் நிறம் ஒன்றே என்று நான் கூறினால் ஆசிரிய நண்பர்கள் சினங்கொள்ளக்கூடும். சினங்கொண்டேனும் அவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

வணிகச் சட்டத்தின் அடிப்படைகளை, வழக்கறிஞராகப் போகாத மாணவனும் கற்றாக வேண்டும். அக்கல்வியைத் தமிழாசிரியராகிய நாமே தொடங்கிவைக்க வேண்டும். இதுவே என் வாதம்.

பிறர் கதையைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. என் கதையே போதும். 1996ஆம் ஆண்டு, நான் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் கடன் பெறுவதற்காகப் பிணை கேட்டார். "சும்மா ஒரு கையெழுத்துத்தான், சார்" என்றார். இட்டேன். ஈராண்டில் அவர் வேலையையும் ஊரையும் விட்டு அகன்றார். கடிதம் என் வீட்டுக்கு வந்தது. "முதலில் அவரைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று நிதி நிறுவனத்தில் உரத்துப் பேசினேன். மேசைக்கு அப்பாலிருந்த இளைஞர், நான் கையெழுத்திட்ட தாளையே எடுத்து என்முன் வைத்தார். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி, மாறாக எதுவும் எழுதப்படாதவரை, பிணை நிற்பவரின் பொறுப்பு கடன் பெற்றவரின் பொறுப்புக்கு இணையானது. மாதம் 210 ரிங்கிட் வீதம் மூன்றாண்டுகள் கட்டினேன். அம்மூன்று பொங்கலுக்கும் என் மனைவி புதுச்சேலை எடுக்கவில்லை.

கொடுமை அத்துடன் முடியவில்லை. கட்டிய தொகையை நண்பரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமையையும் அதே சட்டம் எனக்குத் தந்திருந்தது. அதனை நான் அறிந்தபோது, 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஒப்பந்த வழக்குக்கு அளிக்கும் ஆறாண்டுகள் கடந்திருந்தன. நிறுவனத்தின்மீது எனக்குக் குறையில்லை. நன்னூல் நூற்பாக்களை அன்று என்னால் தடையின்றி ஒப்பிக்க முடியும். ஒரு பக்கத் தாளைப் படித்துப் பொருள்கொள்ளத் தெரியவில்லை. குறை என் கல்வியில் இருந்தது.

"சட்டம் வழக்கறிஞரின் வேலை; நமக்கெதற்கு?" என்பர் சிலர். மருத்துவர் இருக்கிறார் என்பதற்காக மாணவருக்குக் கைகழுவக் கற்பியாமல் விடுகிறோமா? பெரும்பாலோர் வழக்கறிஞரை நாடுவது கையெழுத்திட்டு இடர்ப்பட்ட பின்னரே. கையெழுத்திடும் நாளில் அவன் தனியனாகவே நிற்கிறான். அந்நாளுக்கு அவனுக்கு வேண்டுவன நான்கு வினாக்களே. யார் யாருக்கு என்ன வாக்களிக்கிறார்? அதற்கு ஈடாகப் பெறுவது என்ன? இசைவு உண்மையான இசைவுதானா? சொல் தவறினால் விளைவு என்ன? முதல் வினாவில் முனைவும் ஏற்பும் அடங்கும். இரண்டாவதில் மறுபயன் அடங்கும். மூன்றாவதில் வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, வஞ்சகம், திரித்துரைத்தல், பிழைபட்ட எண்ணம் என ஒப்பந்தச் சட்டம் இசைவைக் கெடுப்பனவாகக் கூறும் ஐந்தும் அடங்கும்.

பிரிவு எண்களை மனப்பாடம் செய்விக்க வேண்டா, கதை சொல்லுங்கள். 1891இல் இலண்டனில் ஒரு மருந்து நிறுவனம், தன் புகைக்குண்டை நாள்தோறும் மும்முறை, இருவாரம் முறைப்படி பயன்படுத்திய பின்னரும் சளிக்காய்ச்சல் கண்டால் 100 பவுன் தருவதாக விளம்பரம் செய்தது. அதற்குச் சான்றாக 1,000 பவுனை வங்கியில் இட்டிருப்பதாகவும் கூறியது. கார்லில் என்ற பெண்மணி அவ்வாறே பயன்படுத்தினார், காய்ச்சலும் கண்டது. "அது வெறும் விளம்பரம்" என்று நழுவப் பார்த்தது நிறுவனம். 1892இல் மேல்முறையீட்டு மன்றம், அது முனைவே, பெண்மணி அதன்படி நடந்ததே ஏற்பு என்று தீர்ப்பளித்தது. இக்கதையைக் கேட்ட பதினாறு வயது மாணவன், முனைவையும் ஏற்பையும் ஆயுளுக்கும் மறவான்.

"தமிழ் வகுப்பு இலக்கியத்திற்கு உரியது" என்பது இரண்டாம் மறுப்பு. அவ்வாறு கூறுவோர் பெரியபுராணத்தை மீண்டும் புரட்டுதல் நலம். சுந்தரரின் மணப்பந்தலில் புகுந்த முதியவர், பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமையோலையைக் காட்டுகிறார். சுந்தரர் சினந்து அதனைக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை முதியவரிடம் பத்திரமாக இருக்கிறது! திருவெண்ணெய்நல்லூர் அவையினர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்றுகளைப் பற்றிப் பேசுகின்றனர். பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புக் கூறுகின்றனர். மூலத்தைக் காத்துப் படியை வெளியே எடுத்துச் செல்லும் பாடத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் எழுதிவைத்தார். நாமோ பக்திச் சுவையை மட்டும் பருகிவிட்டு, ஒப்பந்தத்தின் ஒரே படியையும் விற்பனையாளரிடமே விட்டுவிட்டு வருகிறோம்.

"சட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க, தமிழில் கற்பித்து என்ன பயன்?" என்பது மூன்றாம் மறுப்பு. தாய்மொழியில் தெளிந்த கருத்தே வேற்றுமொழியில் விரைந்து விளங்கும். மறுபயனை அறிந்தவன், சட்டத்தில் 'பலாசான்' என்று காணும்போது திகைக்கமாட்டான்.

இனி, அறியாமையின் விலையைப் பாருங்கள். நண்பர் இருவர் கூட்டாக உணவகம் தொடங்குகின்றனர். ஒருவர் கடையின் பெயரில் வாங்கிய கடன் மற்றவரையும் பற்றும் என்பது 1961ஆம் ஆண்டுக் கூட்டுவாணிகச் சட்டம். வாகனத் தவணை தொடர்ந்து இருமுறை தவறினாலும், 21 நாள் எழுத்து அறிவிப்பின்றி வண்டியை இழுத்துச் செல்லலாகாது. விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருப்பின் நீதிமன்ற ஆணையும் வேண்டும் என்பது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர், ஈடின்றித் தரும் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி பெறலாகாது. இவற்றை அறியாதவனே வட்டி முதலைகளின் வாயில் தானே சென்று விழுகிறான்.

அரைகுறை அறிவும் தீங்கே. "பிணையாளரை இனித் திவாலாக்க முடியாதாமே!" என்று மகிழ்வாருண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பது, கல்விக்கடன், சொந்தப் பயன்பாட்டு வாகனம், குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு இலாபநோக்கின்றிப் பிணை நின்றவரை மட்டுமே. அவருக்கும் கடனைக் கட்டும் பொறுப்பு நீங்கவில்லை.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். மாதத்தில் ஒரு பாடவேளையே கேட்கிறேன். ஆறாம் ஆண்டில் பற்றுச்சீட்டு எழுதப் பழக்குவோம். நான்காம், ஐந்தாம் படிவங்களில் வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கருத்துணர் பகுதியாகக் கொடுப்போம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு முறையீடு எழுதுவதைக் கடிதப் பயிற்சியாக்குவோம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞரின்றியே அங்குக் கொண்டுசெல்ல வழியுண்டு.

மாலை வகுப்பொன்றில் நிரப்பப்படாத வாடகை ஒப்பந்தத்தை மாணவரிடம் கொடுத்துக் கையெழுத்திடச் சொன்னேன். பலர் உடனே எழுதினர். ஒரு மாணவி மட்டும் பேனாவை மூடிவைத்து, "ஐயா, முன்பணத் தொகை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறதே, அதை நிரப்பாமல் நான் எப்படிக் கையெழுத்திடுவது?" என்று கேட்டாள். 1996இல் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நம் பள்ளிகளிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையும் அதனைக் கேட்கும் நாளில்தான், கைநாட்டுக் காலம் முடிந்தது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.