பின்னால் ஆள் சேர்த்தால் போதுமா?



2023 ஜூலையில் பெங்களூருவில் தெற்காசியக் கோப்பையை வென்றது நம் இந்தியக் கால்பந்து அணி. ஆறே மாதத்தில், 2024 ஜனவரியில், கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. நாம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. "வியூகம் தப்பு, பின்னால் இன்னும் ஒருத்தரை நிறுத்தியிருக்கணும்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆஸ்திரேலியாவிடம் முதல் கோல் வாங்கியது 50-ஆவது நிமிடத்தில். சிரியாவிடம் 76-ஆவது நிமிடத்தில். அதுவரை தடுப்பு தாங்கியதே! குறை வேறு இடத்தில். எல்லோரும் பின்னால் இறங்கித் தடுக்கும்போது, பறித்த பந்தை வாங்க முன்னால் ஆள் இல்லை. தூக்கி அடித்த பந்து உடனே எதிரணியிடமே போகும். மறுபடி தடு, மறுபடி ஓடு. கால் ஓயும், கவனம் சிதறும், கோல் விழும். பலம் குறைந்த அணிகள் இப்படி நெருக்குவதில்லை. அதனால் அங்கே இந்த ஓட்டை தெரிவதில்லை.

ஆக, வேண்டியது இன்னொரு தடுப்பாளர் அல்ல. நெருக்கும்போதும் பந்தை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கத் தெரிந்த நடுக்களம். நம் கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடியதும் நடுக்களத்தில்தான். அந்தப் பழக்கம் பத்து வயதில் வர வேண்டியது. குடிகாட்டுப் பக்கம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித்தரும் என் மாணவர்களே, "தூக்கி அடிடா" என்று கத்தாதீர்கள். இன்று தோற்றாலும் பரவாயில்லை, கொடுத்து வாங்கப் பழக்குங்கள்.