மாலையும் மகஜரும்

வடபகுதிக்கு ஓர் அமைச்சர் வருகிறார். வாசலிலே நிறைகுடம் வைக்கப்படுகிறது, குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. ஊர் வர்த்தகர் சங்கத்தின் தலைவர் மாலை சூட்டுகிறார். செயலாளர் மகஜரைக் கையளிக்கிறார். புகைப்படம் எடுக்கப்படுகிறது. "ஆவன செய்வோம்" என்கிறார் அமைச்சர். மகஜர் அவருடைய பிரத்தியேகச் செயலாளரின் பைக்குள்ளே போகிறது. அடுத்த ஆண்டு வேறோர் அமைச்சர் வருகிறார். மாலை புதியது, மகஜர் பழையது. திகதி மட்டுமே மாற்றப்பட்டிருக்கிறது.

எந்த ஒரு சங்கத்தையும் மனத்திற்கொண்டு நாம் இதனை எழுதவில்லை. வல்வெட்டித்துறையிலிருந்து வவுனியா வரையில் எந்தப் பட்டினத்திலும் காணக்கூடிய காட்சியே இது. வர்த்தகர்கள் தமது நலன் கருதி அரசாங்கத்தை அணுகுவது குற்றமாகாது. சங்கம் அமைக்கவும், சட்டபூர்வமான தொழிலையும் வணிகத்தையும் நடத்தவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை கூறுகிறது. அந்த உரிமையை உரிமையாகப் பிரயோகியாது, பிச்சைப் பாத்திரமாக ஏந்தி நிற்கும் வழக்கத்தையே நாம் கண்டிக்கிறோம்.

வணிகர்களின் கூட்டுக்குரல் எத்தகைய வலிமை வாய்ந்தது என்பதற்கு இத்தீவின் சரித்திரமே சான்று பகரும். 1833இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டபோது உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் அறுவருள் மூவர் ஐரோப்பியர். அதற்கு ஆறு ஆண்டுகளின் பின்னர், 1839இல், இலங்கை வர்த்தக சபை தோன்றியது. 1854இல் தோட்டத்துரைமார் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க இருப்புப்பாதை வேண்டும் என்று அவர்கள் ஓயாது கேட்டனர். 1867இல் கண்டிக்குப் புகைவண்டி ஓடிற்று. யாழ்ப்பாணமும் கொழும்பும் இருப்புப்பாதையால் இணைவதற்கு 1905ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1920ஆம் ஆண்டின் சீர்திருத்தமோ வர்த்தக சபைக்கு ஓர் ஆசனத்தையும், கீழ்நாட்டு விளைபொருட் சங்கத்துக்கு ஓர் ஆசனத்தையும் சட்டசபையிலேயே ஒதுக்கிக் கொடுத்தது. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு டொனமூர் திட்டம் வந்தபோதுதான் இத்தகைய சலுகை ஆசனங்கள் ஒழிந்தன.

இச்சரித்திரத்திலிருந்து நாம் கற்கவேண்டிய பாடங்கள் இரண்டு. இடைவிடாது, ஆதாரத்தோடு, ஒரே குரலில் கேட்டவர்கள் பெற்றார்கள் என்பது ஒன்று. கோப்பி மூட்டையைச் சுமந்த தமிழ்த் தொழிலாளிக்கு அன்று சங்கமும் இல்லை, சபையில் ஆசனமும் இல்லை; ஆதலால் அவனுடைய துயரம் எவருடைய காதிலும் விழவில்லை என்பது மற்றொன்று. குரலற்றவனின் நலன் தானாகவே காக்கப்படும் என்று நம்புவது பேதைமை.

ஆசனங்கள் ஒழிந்தன, செல்வாக்கு ஒழிந்ததா? இல்லை. சபா மண்டபத்திலிருந்து அமைச்சின் வரவேற்பறைக்கு அது இடம் மாறியது, அவ்வளவே. உதாரணமாக ஒன்றைக் கூறுவோம். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் உருளைக்கிழங்கு, வெங்காயம், சீனி போன்ற இறக்குமதிப் பண்டங்களின்மீது அறவீட்டை விதிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. வர்த்தமானியில் ஒரு கட்டளை வெளிவந்ததும் புதிய விகிதம் நடைமுறைக்கு வந்துவிடும்; பாராளுமன்ற விவாதம் பின்னரே வரும். பொது நிதியின்மேல் முழுமையான கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை முழங்குகிறது. ஆனால் விலையைத் தீர்மானித்ததோ ஓர் இரவில் அச்சான ஒரு தாள்.

அந்தத் தாள் நமது விவசாயியை என்ன செய்கிறது என்று பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் உருளைக்கிழங்கை நடுகிறான். விதைக்கிழங்குக்குக் கடன், உரத்துக்குக் கடன், நீர் இறைக்கும் இயந்திரத்தின் எண்ணெய்க்குக் கடன். மாசி, பங்குனியில் கிழங்கைத் தோண்டுகிறான். அந்த வேளையில் அறவீடு குறைந்திருந்தால் இறக்குமதிக் கிழங்கு சந்தையை நிரப்பும். அவனுடைய கிழங்கு கேட்பாரற்றுக் கிடக்கும். அறவீடு உயர்ந்திருந்தால் அவன் கடனை அடைப்பான். ஆக, அவனுடைய ஓராண்டு வாழ்வு நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் எவரோ இடும் கையொப்பத்தில் தொங்குகிறது. அந்தக் கையொப்பம் இடப்படுவதற்கு முன்னர் அமைச்சரின் மேசைக்கு எதிரே அமர்ந்து பேசக்கூடியவர் யார்? புறக்கோட்டையின் பெரிய இறக்குமதியாளரா, சுன்னாகத்துச் சந்தைக்கு மூட்டையோடு வந்த கமக்காரனா? விடையை எல்லாரும் அறிவர்.

2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின்மீதான அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதத்துக்கு ஒரே நாளில் இறக்கப்பட்டதை நாடு மறந்திருக்காது. திறைசேரி இழந்த பணம் யாருடைய பெட்டிக்குள் போயிற்று என்ற கேள்வி பாராளுமன்றத்திலும் வெளியிலும் பலமாக எழுந்தது. ஒரு கையொப்பத்தின் பெறுமதி எவ்வளவு என்பதை அந்தச் சம்பவம் பட்டப்பகலில் காட்டியது.

இறக்குமதியாளர் மீது நமக்குப் பகைமை இல்லை. அவர்களுள் நம்மவரும் உளர். அறவீட்டை வானளாவ உயர்த்தினால் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கூலித் தொழிலாளியின் கறிச்சட்டியும் வெறுமையாகும் என்பதை நாம் அறியாதவரல்லர். ஆனால் இறக்குமதியையே நம்பியிருப்பதன் விளைவையும் கண்டோம். 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதத்தில் தடை நீங்கும்வரை இந்நாட்டு அடுக்களைகள் பட்ட பாடு சிறிதன்று. உள்ளூர் விளைச்சலை வாழவைப்பது கமக்காரனுக்குக் காட்டும் கருணை அன்று. நாட்டுக்கு இடும் வேலி.

ஆகவே நமது வர்த்தகர் சங்கங்களும் விவசாயச் சங்கங்களும் கூடிக் கேட்கவேண்டிய நியாயமான கோரிக்கை ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் இருக்கப்போகும் அறவீட்டை விதைப்புக்கு முன்னரே அறிவியுங்கள். அறிவித்ததை அந்தப் போகம் முடியும்வரை முன்னறிவித்தலின்றி மாற்றாதீர்கள். இவ்வளவே. இதனால் விவசாயி கணக்குப் பார்த்து நடுவான். வியாபாரி கணக்குப் பார்த்துக் கொள்முதல் செய்வான். நுகர்வோனும் திடீர் விலையேற்றத்திலிருந்து தப்புவான். இதில் சலுகை எங்கே இருக்கிறது? ஆட்சி முறையாக நடக்கவேண்டும் என்பதே கோரிக்கை.

நமது வர்த்தகர்கள் ஏன் இவ்வாறு கேட்கப் பழகவில்லை? அதற்கும் சரித்திரக் காரணம் உண்டு. எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட குடாநாட்டு விவசாயி தலைநிமிர்ந்தான். 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தபோது அவனைக் கேளாமலே சந்தை திறந்துவிடப்பட்டது. பிறகு வந்தது போர். தொண்ணூறுகளில் எந்தப் பொருள் குடாநாட்டுக்கு வரலாம், எது வரக்கூடாது என்பதைத் தடைப்பட்டியல் தீர்மானித்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அரிசிக்கும் மாவுக்கும் கப்பலைப் பார்த்திருந்தோம். ஒவ்வொரு லொறிக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்த காலத்தில், அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதே வர்த்தகனின் முதலீடாயிற்று. அந்நாளில் அவ்வாறு நடந்துகொண்டு மக்களுக்கு உணவு கொண்டுவந்தவர்களை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் சோதனைச் சாவடி அகன்ற பின்னரும் கும்பிட்ட கை இறங்கவில்லையே என்பதுதான் நமது கவலை.

செய்யவேண்டியது என்ன? முதலாவது, கணக்கு. "வியாபாரம் படுத்துவிட்டது" என்ற ஒரு வரி எந்த அதிகாரியையும் அசைக்காது. எத்தனை பரப்பில் பயிர், எத்தனை மூட்டை சந்தைக்கு வந்தது, என்ன விலைக்குப் போயிற்று, கொழும்புக்கு லொறிக் கூலி எவ்வளவு என்பதை மாதந்தோறும் எழுதிவைக்கும் சங்கமே பேசத் தகுதியுடையது.

இரண்டாவது, காலம். வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் நிதியமைச்சு பொதுமக்களின் ஆலோசனைகளைக் கோருவது வழக்கம். கொழும்புச் சபைகள் அச்சிட்ட அறிக்கைகளோடு அப்போதே போய் நிற்கின்றன. நாமோ வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட பின்னர் கண்டன அறிக்கை எழுதுகிறோம். பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு எழுதலாம். நமது பிரதிநிதிகளைக்கொண்டு அங்கே கேள்வி எழுப்பலாம்.

மூன்றாவது, சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலிருக்கும் ஆயுதம். ஓர் அறவீடு ஏன் மாற்றப்பட்டது, யாருடைய வேண்டுகோள்மீது மாற்றப்பட்டது என்று எழுதிக் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவு கூறவேண்டும். கருத்திட்டமொன்று ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அதன் விபரங்களை அறிவிப்பது அமைச்சரின் கடமை என்று அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. சந்தைக் கட்டடம் எழுந்து நின்றபின் "எங்களைக் கேட்கவில்லையே" என்று அழுவதை விட, அத்திவாரம் வெட்டுமுன் அந்தப் பிரிவைக் காட்டுவது மேல். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றை நாடுவதற்கு ஒரு மாதமே அவகாசம். மூன்று மாதம் அமைச்சரின் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுச் சட்டத்தரணியின் வாசலுக்கு வருவோருக்கு அனுதாபம் கூறலாம். நிவாரணம் பெற்றுக்கொடுப்பது அரிது.

நான்காவது, பிரதிநிதித்துவம். பெரிய கடை முதலாளிகள் பத்துப்பேர் கூடித் தம்மைத் தாமே தெரிவு செய்துகொண்டால் அது சங்கமாகாது. நடைபாதை வியாபாரி, சந்தையில் மரக்கறி விற்கும் பெண், சிறு பட்டறை வைத்திருப்பவர் ஆகியோருக்கும் வாக்கும் இடமும் இருக்கவேண்டும். அமைச்சரிடம் கையளித்த ஒவ்வொரு மகஜரும் அன்றே அறிவித்தற் பலகையில் ஒட்டப்படவேண்டும். தன் அங்கத்தவனுக்குக் காட்டமுடியாத வேண்டுகோள் நேர்மையான வேண்டுகோளாக இருக்க முடியாது. தன் பெயருக்கு ஓர் உத்தரவுப் பத்திரம், தன் மைத்துனருக்கு ஓர் ஒப்பந்தம் என்று கேட்பவர் சமூகத்தின் பெயரைச் சொல்லிச் சொந்த வியாபாரம் பார்ப்பவர். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையின் இலஞ்சத்தையும் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டி வைக்கிறோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கூறவேண்டும். விவசாயி கொண்டுவரும் நூறு கிலோவில் பத்துக் கிலோவைக் "கழிவு" என்று அறவிடும் வழக்கம் நமது சந்தைகளிலே இருந்துவந்திருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் இந்தக் கழிவு? எந்த வர்த்தமானி இதற்கு அதிகாரம் கொடுத்தது? விசாரணையின்றிக் கொழும்பு நம்மீது வரி விதிக்கிறது என்று குமுறும் வாய், தராசின்முன் நிற்கும் ஏழையின்மீது வரி விதிக்கலாமா? உள்ளூரில் நீதி செய்யாதவன் வெளியூரில் நீதி கேட்டால் அவன் குரலில் வலுவிராது. விவசாயியும் வியாபாரியும் ஒரே மேசையில் அமர்ந்து முதலில் இந்தக் கணக்கைத் தீர்க்கட்டும். பின்னர் இருவரும் சேர்ந்து கொழும்புக்குப் போகட்டும். அந்த மகஜரைப் பைக்குள்ளே போடுவது எளிதாகாது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதிவிட்டு, தனிச் சிங்களத்தில் சுற்றறிக்கை அனுப்பி, "ஏன் பதில் எழுதவில்லை" என்று கேட்பது நியாயமாகாது. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே உருண்டோடின. விவசாயமும் கூட்டுறவும் பற்றி மக்கள் தம்மவரோடு பேசுவதற்கென வகுக்கப்பட்ட மண்டபத்தைப் பூட்டிவைத்துவிட்டு, கொழும்பில் வந்து பேசுங்கள் என்பது கேலியாகும். கேட்டபின் தீர்மானிப்பதே நீதி என்பது நீதிமன்றத்துக்கு மட்டுமுரிய விதி அன்று; நல்லாட்சி அனைத்துக்கும் அதுவே அடிப்படை.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். ஆனால் நாம் பிள்ளைகளல்லர், பிரசைகள். அடுத்த அமைச்சர் வரும்போது மாலைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு கணக்குப் புத்தகம் வாங்குங்கள். நின்றுகொண்டு மகஜர் கொடாதீர்கள். ஆசனத்தில் அமர்ந்து, கணக்கை விரித்துவைத்து, பதிலுக்குத் திகதி கேளுங்கள். திகதி தவறினால் கடிதம். கடிதத்துக்குப் பதிலில்லையேல் சட்டம். வர்த்தகர் சங்கங்கள் இவ்வழியிலே நடக்கத் தொடங்குமாயின், மாசி மாதத்தில் கிழங்கு தோண்டும் கமக்காரன் வர்த்தமானியை நினைத்து நடுங்காமல் அறுவடை செய்யும் நாள் வரும். அந்த நாளை அமைச்சர்கள் கொண்டுவரமாட்டார்கள். நாமே கொண்டுவரவேண்டும்.