தீவாந்தரம் போனவருக்குக் காகிதம் உண்டு

காவிரி டெல்டாவில் பூர்வீகம் தேடும் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் வந்துவிடும்: "மிராசுதார் வீட்டுக்குப் பட்டா இருக்கும், பத்திரம் இருக்கும். தீவாந்தர சிட்சையில் போன ஏழைக்கு ஏது காகிதம்?"

பாதி சரி. ஊரிலேயே பண்ணையாளாக உழைத்து மாண்டவர் பெயர் கர்ணம் கணக்கில் ஏறுவது அபூர்வம். நிலம் யார் பேரிலோ, கணக்கும் அவர் பேரில்தான். தீவாந்தர சிட்சை, அதாவது கடல் கடந்து நாடுகடத்தும் தண்டனை, பெற்றவர் சங்கதி நேரெதிர். அவரைக் கப்பலேற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள், அவர் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், குற்றம், தண்டித்த கோர்ட், உடம்பில் எங்கெங்கே தழும்பு, மச்சம், பச்சை என்று பட்டியல் எழுதினார்கள். கரிசனத்தால் அல்ல, தப்பி ஓடினால் பிடிப்பதற்கு. 1849 வரை ஆயுள் கைதிகளின் நெற்றியிலேயே பச்சை குத்திய அரசு அது. அந்தக் கொடுமையின் காகிதத்தில்தான், நாணயமாக வாழ்ந்த அண்ணன் தம்பிக்குக் கிடைக்காத அங்க அடையாளம் இவருக்குக் கிடைத்திருக்கிறது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நமக்கு அதில் தகப்பன் பெயர்தான் முக்கியம். ராமசாமிகள் எத்தனையோ பேர். முத்தன் மகன் ராமசாமி சிலரே.

"அந்தமானில் விசாரித்தாயிற்று, இல்லை" என்பார்கள். எந்த வருஷத்து ஆள்? போர்ட் பிளேரில் கைதிக் குடியேற்றம் தொடங்கியது 1858 மார்ச்சில். அதற்கு முந்தியவர்களைச் சுமத்ராவின் பெங்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், பர்மாவின் மோல்மீன் பக்கம்தான் தேட வேண்டும். 1825 ஏப்ரல் 18 அன்று சிங்கப்பூரில் இறங்கிய முதல் கைதிக் கூட்டம், சென்னை மாகாணத்திலிருந்து பெங்கூலனுக்கு அனுப்பப்பட்டிருந்த 80 பேர். சிங்கப்பூரிலுள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டியதும் இந்தியக் கைதிகள்தான். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்பைத்தான் அதன் சுவரில் பூசினார்கள்.

எல்லாம் லண்டனில் இருக்கிறது என்பதும் சாக்கு. பிரிட்டிஷ் நூலகத்தில் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நீதித்துறைத் தொகுதிகளும் தஞ்சாவூர் ஜில்லா ஆவணங்களும் இருக்கின்றன. தஞ்சையில் ரயிலேறினால் போய்விடலாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது, போனவர் எல்லாரும் தியாகி என்ற கூற்று. 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அது பாளையக்காரர் போரின் தொடர்ச்சி. அவர்கள் பெயரைச் சொல்லி நம் தாத்தாவுக்கும் மாலை போட முடியாது. பட்டியல்களில் பெரும்பாலும் வருவது கொள்ளை, களவு, கொலை. அந்த வரியைக் கண்டதும் காகிதக் கட்டை மூடிவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் நிற்கக் கூடாது. தண்டித்த கோர்ட்டும் வருஷமும் கிடைத்துவிட்டால் அடுத்து விசாரணைக் காகிதம். யார் புகார் கொடுத்தது, யார் சாட்சி சொன்னது, சாட்சிக்காரன் யாருடைய ஆள் என்பதெல்லாம் அதில்தான் தேட வேண்டியவை.